மாலையைக் கழற்றிய பிறகு: கடலூர், புதுச்சேரிப் பக்கம் முதன்முதலாக ஏஏ கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு

குடியை நிறுத்தத் தெரியாதவர் என்று நம் ஊரில் யாருமே கிடையாது. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பவர்கள், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுபவர்கள், மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அவள் கல்யாணம் முடியும்வரை இருப்பவர்கள் என்று தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். சிக்கல் அதற்கு மறுநாள்தான். மாலையைக் கழற்றியாச்சு, சாமி என்று கூப்பிட ஆள் இல்லை, சாயங்காலம் ஆறரை மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது கால் பழகின பக்கம் தானாகப் போகும். அந்த ஆறரை மணிக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், அங்கே இதே கஷ்டத்தைப் பட்ட ஆட்கள் இருக்க வேண்டும். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஆதரவுக் குழு என்பது அவ்வளவுதான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, போனால் என்ன நடக்கும், எதற்கெல்லாம் உஷாராக இருக்க வேண்டும் என்பதை, சில வருஷமாகப் போய் வருகிற ஒருத்தன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு, அப்புறம் கூட்டம்

கூட்டத்தைத் தேடும் முன் ஒரே ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறதா? ஆமாம் என்றால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினமும் நிறையக் குடித்து வந்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிற நிலைகூட வரும். நம் பக்கத்தில் இதைக் காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை, 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

மாலை போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கார்த்திகை முதல் தேதிக்கு முந்தின ராத்திரிவரை முழுபோதையில் இருந்துவிட்டு விடிந்ததும் நிறுத்தினால், மனதில் பக்தி இருந்தாலும் நரம்புக்கு அது தெரியாது.

கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் மனநலப் பிரிவைக் கேளுங்கள். அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குடிக்குச் சிகிச்சை தருவது அந்தப் பிரிவுதான். சில நாளைக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து, கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினைப் போட்டு, உடம்பைச் சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். தெருமுனை கிளினிக்கில் சோர்வுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளப் போனால்கூட குடிக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பி1 குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைக்கே கேடு வரலாம். மெடிக்கலில் நாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிற வேலையும் வேண்டாம்.

எப்போதாவது சனி ஞாயிறு மட்டும் குடித்து, ஆனால் ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போகிறவராக இருந்தால் நேராகக் கூட்டத்துக்கே போகலாம். சந்தேகமாக இருந்தால் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏஏ என்றால் என்ன, என்ன இல்லை

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தை ஆள், இன்னொருவர் அறுவை சிகிச்சை டாக்டர். இந்தியாவில் 1957இல் டெல்லியில் ஆரம்பித்தது. சேருவதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள், பதிவேட்டில் கையெழுத்து கிடையாது, இன்ஷியல்கூடக் கேட்க மாட்டார்கள்.

இதை மறுவாழ்வு மையத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மறுவாழ்வு மையம் என்பது, பெரும்பாலும் பணம் கட்டி, உள்ளே தங்குகிற இடம், நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. ஏஏ கூட்டத்தில் யாரும் உங்களைப் பிடித்து உள்ளே வைக்கப்போவதில்லை. ஒன்றரை மணி நேரம் உட்காருவீர்கள், டீ குடிப்பீர்கள், வீட்டுக்கு வருவீர்கள். பிடிக்கவில்லையென்றால் நடுவிலேயே எழுந்து வந்துவிடலாம்.

சாமி விஷயம். கூட்டத்தில் ஒரு சிறு பிரார்த்தனை உண்டு, ஏஏவின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ஆனால் ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் வரும். கருப்புச் சட்டைக்காரர்களும் வருகிறார்கள், அவர்களில் சிலர் அந்தக் குழுவையே தங்களுக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பல ஊர்களில் கூட்டம் சர்ச் வளாகத்து அறையில் நடப்பதால் மதம் மாற்றுகிறார்களோ என்று வீட்டில் பயப்படுவார்கள். இடம் கிடைத்தது அங்கே, அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது

மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடலாம். முதலாவது, ஏஏவின் இந்தியத் தளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களைத் தேடுவது. இரண்டாவது, போன். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416. இரண்டுக்கும் காசு இல்லை, 14416 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 104 என்கிற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கிற சமூகப் பணியாளரிடம் கேட்பது. எந்தக் குழு உயிரோடு இருக்கிறது, எது பேருக்கு மட்டும் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியல்கள் சீக்கிரம் பழசாகிவிடும். குழு இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், பள்ளிக்கூட லீவில் அறை பூட்டியிருக்கும். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், பெரும்பாலும் நேராக வீட்டுக்குத் திரும்புவதில்லை. அதனால் தொடர்பு எண் கிடைத்தால் போகிற அன்றைக்கே ஒருமுறை கூப்பிடுங்கள். எடுப்பவரும் ஒரு குடிநோயாளிதான், ஆபீஸ் ஆள் இல்லை.

பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“சார், மீட்டிங் பத்தி கேக்கணும். எனக்கு இல்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு.”

“சரிங்க. அவரு இப்ப எப்படி இருக்காரு, சாப்பிட்டாரா?”

தெரிந்தவருக்கு என்று நீங்கள் சொன்னால் எதிர்ப்பக்கம் அப்படியே எடுத்துக்கொண்டு பேசுவார்கள், அவர்களும் அப்படித்தான் ஒருகாலத்தில் கூப்பிட்டார்கள். கேட்க வேண்டியவை: கூட்டம் தமிழிலா, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எந்த கேட், மாடியா கீழா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்தது என்றால் வீட்டில் யாரையாவது கூட்டிப்போகலாம், மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். வாசலில் வந்து நிற்க முடியுமா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் நிற்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறேன் என்றால் உடனே சரி சொல்ல வேண்டாம். அதில் உங்கள் நம்பர், போட்டோ எல்லாருக்கும் தெரியும். நாலு கூட்டம் போய்விட்டு, ஆட்களைத் தெரிந்துகொண்டு அப்புறம் சேரலாம்.

எந்தப் பக்கம்? கடலூரா, பாண்டியா?

நம் பகுதிக்கு மட்டும் உள்ள குழப்பம் இது. கடலூர்க்காரர், சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பாண்டி கூட்டத்துக்குப் போக நினைப்பார். பாண்டிக்காரர் அதே காரணத்துக்காகக் கடலூருக்கு வர நினைப்பார். தப்பில்லை, ஆனால் நடுவில் இருக்கிற ரோடு எது என்று யோசியுங்கள். முள்ளோடை, கன்னியகோயில் என்று எல்லையிலேயே வரிசையாகக் கடைகள், விலை குறைவு என்று நாம் பஸ் ஏறிப் போன அதே ரோடு. கூட்டம் முடிந்து மனசு இளகி, வயிறு காலியாக, எட்டரை மணிக்கு அந்த வழியாகத் தனியாகத் திரும்புவது முதல் மாதத்தில் கெட்டிக்காரத்தனம் இல்லை. போவதென்றால் கூட்டத்துக்கு வருகிற இன்னொருவரோடு சேர்ந்து போங்கள், இடையில் நிற்காத பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், பஸ் காசு தவிர சட்டைப்பையில் எதுவும் வேண்டாம், ஜீபே இருக்கிற போனையும் அந்த ஒரு மாதம் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயத்தில் பக்கத்துக் கூட்டமே சிறந்தது. மழையிலும் போக முடிகிற தூரம்தான் கடைசிவரை நிற்கும். யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு என்ன சொல்வது, கடை வாசலில் லுங்கி அவிழ்ந்து கிடந்ததையே பார்த்த ஊர் இது.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட் வரும் வாரத்தில் சாயங்காலக் கூட்டம் தவறிப்போகும். அந்த வாரத்துக்கு ஸூம் வழியாக நடக்கிற தமிழ்க் கூட்டங்களை வைத்துக்கொள்ளலாம், கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கிழமைக் கணக்கே வராது, கரையில் இருக்கும்போது எந்தக் கூட்டம் கிடைக்கிறதோ அதற்குப் போவதுதான் வழி.

போகிற அன்றைக்கு

முடிந்தால் அன்று குடிக்காமல் போங்கள். குடித்திருந்தாலும் விரட்ட மாட்டார்கள், பேசாமல் உட்கார்ந்து கேட்டால் போதும் என்பார்கள். நடுக்கம் வருகிறவர் ஒரு கூட்டத்துக்காக அன்றைக்கு மட்டும் திடீரென்று நிறுத்திவிட்டு வர வேண்டாம், அவர் முதலில் டாக்டரிடம்தான். கிளம்பும் முன் நாலு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு இருக்கும்போது குடிக்கத் தோன்றுவது பாதி வயிற்றுச் சமாச்சாரம்.

பத்து நிமிஷம் முன்னால் போனால் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதிய பேனர், மேசையில் சில புத்தகங்கள், ஓரத்தில் டீ பிளாஸ்க். புதிதாக வருகிறவருக்கு எங்கள் குழுவில் டீயை அரை டம்ளர்தான் ஊற்றுவார்கள். எனக்கும் அரைதான் வந்தது, கஞ்சத்தனம் என்றே நினைத்தேன். நடுங்குகிற கையில் முழு டம்ளர் கொடுத்தால் சட்டையில் கொட்டும், கொட்டினால் அந்த ஆள் வெட்கப்பட்டு அடுத்த வாரம் வர மாட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊற்றுகிறவர் எதுவும் சொல்ல மாட்டார், காலியானதும் இன்னொரு அரை ஊற்றுவார்.

அன்று நடத்துகிறவர் ஒருவர் இருப்பார். கொஞ்சம் மௌனம், பிரார்த்தனை, ஏஏ என்றால் என்ன என்று ஒரு சிறு வாசிப்பு, அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஷேரிங் என்பார்கள். பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிப்பார்கள், மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். முதல்முறை கேட்கிறவருக்கு இது நாடகம் மாதிரி இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும். உங்கள் முறை வந்தால் “இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன்” என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். பேசுவதென்றால் உங்கள் கதையை மட்டும் பேசுங்கள். மனைவியைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ குறை சொல்லிக்கொண்டே போனால் யாரும் குறுக்கிட மாட்டார்கள்தான், ஆனால் நாலு பெரிசுகள் சிரிப்பை அடக்குவது தெரியும், ஏனென்றால் அவர்களும் முதல் நாள் அதையேதான் பேசினார்கள். ஒருவர் பேசும்போது நடுவில் புகுந்து அறிவுரை சொல்லக் கூடாது என்பது வழக்கம். நம் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு குடிகாரன் பத்து நிமிஷம் பேசி யாரும் ‘ஏம்ப்பா உனக்கு இந்தப் பொழப்பு’ என்று கேட்காத ஒரே இடம் அதுதான்.

சிரிப்பு நிறைய இருக்கும். சம்பளத்தை மொத்தமாகத் தொலைத்த கதையைச் சொல்லி ஒருவர் சிரிப்பார், கூடவே அறையே சிரிக்கும். முதலில் கோபம்கூட வரும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று. இருக்கட்டும்.

கடைசியில் ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும். அறை வாடகை, டீ, புத்தகம் எல்லாம் அதிலிருந்துதான். வெளி நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் மரபு. முதல்முறை வருகிறவர் எதுவும் போட வேண்டியதில்லை.

பெண்களுக்கு

குடிக்கிற பெண்கள் நம் பக்கத்தில் இல்லை என்பது மாதிரிப் பேசுவார்கள். இருக்கிறார்கள், வீட்டுக்குள் இருக்கிறார்கள். அறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே போன் செய்து பெண் உறுப்பினர் ஒருவரின் எண்ணைக் கேளுங்கள், அவர் சென்னையில் இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அவரோடு பேசுங்கள். நேரில் போவது திறந்த கூட்டமாக இருந்தால் அக்காவையோ தோழியையோ கூட்டிப்போகலாம். யாராவது ஓர் ஆண், ‘நான் வழிகாட்டுறேன்’ என்று தனியாக நெருங்கினால் மறுத்துவிடுங்கள். வழிகாட்டி, அதாவது ஸ்பான்சர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதுதான் பழக்கம்.

உஷாராக இருக்க வேண்டியவை

ஏஏவில் யாரும் மருத்துவம் பார்ப்பதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று எந்தப் பழைய உறுப்பினர் சொன்னாலும் கேட்காதீர்கள், முக்கியமாக மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் சாப்பிடுகிறவர்கள். கடன் கேட்பவர், சீட்டுப் பிடிப்பவர், குறிப்பிட்ட மையத்தில் சேர் என்று திரும்பத்திரும்பச் சொல்பவர் எல்லா இடத்திலும் போல் இங்கும் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். தள்ளியிருங்கள், குழுவை விட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டியிருக்கிற பவுடர், சொட்டு மருந்து எதையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உடம்பு ரொம்ப மோசமாகும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் பரிசோதித்து, கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் குழம்பில் கலந்தால் ஆளே போய்விடலாம்.

அவர் வர மறுத்தாலும் நீங்கள் போக ஒரு குழு இருக்கிறது. அல்அனான், 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே தொடங்கியது. அவர் நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் முதல் வாரங்களில் வாசலிலேயே வாயை மோந்து பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கஷ்டம்தான், தெரியும்.

முதல் மூன்று மாதம்

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குழு பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றுக்குப் போங்கள், ஒவ்வொன்றின் குணம் ஒவ்வொரு மாதிரி. 90 நாளில் 90 கூட்டம் என்று வெளிநாட்டில் சொல்வார்கள், நம் ஊரில் தினமும் கூட்டம் இருக்காது. நேரில் வாரம் இரண்டு, மீதி நாளுக்கு ஸூம் அல்லது ஒரு போன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே இரண்டு மூன்று பேரிடம் நம்பர் வாங்குங்கள். வாங்கினால் போதாது, நன்றாக இருக்கிற நாளிலேயே கூப்பிட்டு, “அண்ணே, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று பேசிப் பழகுங்கள். கடை வாசலில் நிற்கும்போது முன்பின் பேசாத ஆளுக்கு விரல் போன் போடாது.

ஆபத்தான நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிடுங்கள். சம்பள நாள், தீபாவளி போனஸ், தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ மாசி மகம், மச்சான் கல்யாணம், எல்லாவற்றையும்விட சாவு வீடு. ராத்திரி முழுக்க விழித்திருந்து பாடை கட்டுகிறவர்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுப்பது பல இடத்தில் மரியாதை மாதிரியே ஆகிவிட்டது. மாலையோடு போய் மாலை போட்டுவிட்டு, துக்கம் கேட்டுவிட்டு, அரை மணியில் கிளம்பிவிடுங்கள். பங்காளி சாவு, இருந்தே ஆக வேண்டும் என்றால் குழுவில் ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்து இரண்டு மணிக்கு ஒருமுறை பேசுங்கள். ஊற்றிக் கொடுப்பவரிடம் ஏஏ, பன்னிரண்டு படி என்றெல்லாம் விளக்கம் வேண்டாம், “மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

இடையில் சறுக்கிக் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், யாரும் காரணம் கேட்டுக் குடைய மாட்டார்கள். ஒரு நாள் சறுக்கல் என்றால் கூட்டம் போதும், பத்து நாள் தொடர்ந்து ஓடிவிட்டது என்றால் மறுபடி முதலில் டாக்டர். சில மாதம் நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் குழுவே இல்லையென்றால்

பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் இருந்துகொண்டு, எதுவும் எட்டுகிற தூரத்தில் இல்லை என்று தெரிந்தால் கொஞ்ச நாள் டவுன் கூட்டத்துக்குப் போய்ப் பழகிவிட்டு நீங்களே ஆரம்பிக்கலாம். குடியை நிறுத்த விரும்புகிற இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஏஏ குழு என்று அவர்கள் மரபிலேயே இருக்கிறது. ஓர் அறை, மாறாத ஒரு கிழமை, மாறாத ஒரு நேரம், டவுன் குழுவிலிருந்து வாங்கிய தமிழ்ப் புத்தகம். இரண்டு பேரில் ஒருவர் வராத நாளிலும் இன்னொருவர் போய் அறையைத் திறந்து வைத்து அந்த நேரம் முடியும்வரை உட்கார வேண்டும், புதிதாக வருகிறவர் அன்றைக்குத்தான் வருவார். அறையை யாராவது சும்மா தருகிறேன் என்றாலும் மாதம் நூறு ரூபாயாவது கொடுத்து வாங்குங்கள். சும்மா வாங்கிய அறையை, வீட்டில் விசேஷம் என்று ஒரு வாரம் பூட்டிவிட்டால் கேட்க முடியாது.